ஹபீப் பாயின் ஓய்வுக் கணக்கு

வெள்ளாந்துறைக் கடைத்தெருவில் ஹபீப் முகம்மதுவின் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர்களைவிட அவர் வாயைக் கிளற வந்தவர்கள்தான் அதிகம். தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகிற பஸ் கடைக்கு நேர் எதிரே நிற்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் சும்மா இருப்பானா? "என்ன பாய், இந்த வருஷம் சடுகுடுக் கோப்பை யாருக்கு?" என்று தொடங்குவான். பாய் கையிலிருக்கும் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே, "ரெண்டு பக்கமும் கடைசியா என்னைக்கு ஆடுனாங்க? நடுவுல என்ன பண்ணாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்பார்.

அதுதான் அவருடைய கிறுக்கு. மற்றவர்களெல்லாம் ஆட்டக்காரனின் தொடையைப் பார்ப்பார்கள், பாடிப் போகும்போது அவன் மூச்சு எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ஹபீப் பாய் மட்டும் ஆட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் என்ன நடந்தது என்று துருவிக்கொண்டிருப்பார். ஒருவன் ஆடாமல் இருந்த நேரத்தில்தான் அவன் ஜெயிப்பதும் தோற்பதும் முடிவாகிறது என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சி அவருக்குச் சைக்கிளிடமிருந்து வந்தது. வாடகைக்கு விடுகிற வண்டிகள் சில வைத்திருந்தார். ஒருவன் நாள் முழுக்க மிதித்துவிட்டுக் கொண்டுவந்து போட்டதும் இன்னொருவன் எடுத்துப் போகிற வண்டிக்குத்தான் வழியில் செயின் கழலும். ஒரு ராத்திரி நின்ற வண்டி மறுநாள் சொன்ன பேச்சைக் கேட்கும். அதே வண்டி மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்தால், டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு, காற்றடித்ததும் பிய்ந்துவிடும். சைக்கிளுக்கு உண்டானது மனுஷனுக்கும் உண்டுதானே என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டுவிட்டால் அவர் ஹபீப் பாய் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே சடுகுடு நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

போகப் போகக் கணக்குப் படிந்தது. நடவு முடித்த கையோடு ஆட வந்த குழு பாதி ஆட்டம் வரை புலியாக இருந்துவிட்டு மீதிப் பாதியில் தொங்கிப்போகும். இரண்டொரு நாள் ஆறப்போட்டு வந்த குழு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த குழுவுக்குக் காலே எழும்பாது. ஒருமுறை மட்டும், அளவாக ஓய்ந்து வந்த ஒரு குழு மண்ணைக் கவ்வியது. பாய்க்குச் சோறு இறங்கவில்லை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் கண்டுபிடித்தார். பையன்கள் முதல் நாள் தஞ்சாவூர் போய் இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு, பஸ் இல்லாமல் விடிய விடிய நடந்தே ஊர் வந்திருக்கிறார்கள். "இதை ஓய்வுல சேக்கறதா, வேலையில சேக்கறதா?" என்று ஒரு வாரம் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்ட வந்த தாலுக்கா ஆபீஸ் பியூன் வண்டியை அடுத்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளாந்துறையில் பந்தயம் காசில் கட்ட மாட்டார்கள். காசு வைத்தால் அது சூதாட்டம், போலீஸ் வரும். பொருள் வைத்தால் அது விளையாட்டு. அப்படி ஒரு நியாயம். ஒருவன் சேவல் வைப்பான், எதிராளி ஒரு தார் வாழைப்பழம் வைப்பான். இரண்டையும் பந்தயத்தில் சேராத ஒரு பொது ஆளிடம் ஊர் பார்க்க ஒப்படைத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் இரண்டையும் வாங்கிக்கொண்டு போவான்.

ஹபீப் பாய் சேவல் வைக்கிற கட்சி. அவர் மனைவி ஷம்சாத்துக்கு அது அறவே பிடிக்காது.

"பந்தயம் ஹராம்னு தெரியாதா உங்களுக்கு?"

"காசா வச்சேன்? ஒரு சேவல்தானே."

"சேவல் மட்டும் ஹலாலாக்கும்!"

இருபது வருஷமாக இந்த இடம் வந்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் ரமலான் மாதத்தில் மட்டும் பந்தயத்தைக் கையால் தொட மாட்டார். ஆகவே நோன்பு நாளில் ஆட்டம் வந்தால் பொது ஆள் அவர்தான், மைக் பிடித்து அறிவிப்பவரும் அவர்தான். பந்தயம் கட்டுவதை நிறுத்தினாரே தவிர, வாயை நிறுத்தவில்லை. அந்த வாய்க்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. காலை பஸ்ஸில் அவர் சொன்னது சாயங்காலத்துக்குள் நாலு ஊர் போய்விடும். அவர் கைகாட்டிய குழு பக்கமே எல்லாரும் சாய்வார்கள், எதிர்ப்பக்கம் கட்ட ஆள் கிடைக்காது. "பாய் வாயைத் தொறந்தா பந்தயமே கெட்டுப்போவுது" என்று முடிவெட்டுகிறவர் புலம்புவார்.

அந்த வருஷம் குறுவை அறுப்பும் ரமலானும் சடுகுடுப் போட்டியும் சேர்ந்து வந்தன. கூடவே வேலைநிறுத்தமும் வந்தது.

மாநிலத்தில் புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, குறைந்தபட்சக் கூலி என்று கெஜட்டில் நிறைய நடந்தது. வயலில் நடப்பது வேறாக இருந்தது. பக்கத்து ஊரான அரசமேட்டில், அறுப்புக் கூலியைக் கலத்துக்கு, அதாவது பன்னிரண்டு மரக்கால் நெல்லுக்கு, அரை மரக்கால் கூட்டித் தரவேண்டும் என்று காலனித் தெரு ஆட்கள் கேட்டார்கள். மிராசுதார் சந்தானகிருஷ்ணன் முடியாது என்றார். அறுக்க மாட்டோம் என்று தெருவே அரிவாளைக் கூரையில் செருகிவிட்டது. கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. கிழக்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. மழை விழுந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். மிராசுதாரும் பயந்துபோய், டிராக்டர் ஓட்டுகிறவன், மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், பங்காளி வீட்டுப் பையன்கள் என்று எல்லார் கையிலும் அரிவாளைக் கொடுத்து வயலில் இறக்கினார்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பையன்கள்தான் பண்ணைக் குழு. சடுகுடுவில் அவர்களுக்கு எப்போதும் எதிரி காலனித் தெருக் குழு. போட்டி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. இரண்டு குழுவும் பேர் கொடுத்திருந்தன.

ஹபீப் பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு லேசில் வருமா? ஒரே ஊர், ஒரே மாதிரிப் பையன்கள், ஒரு பக்கம் விடிந்தால் பொழுது சாயும்வரை குனிந்து அறுக்கிறது, இன்னொரு பக்கம் வேலையே இல்லை. முதல் ஞாயிறு காலனிக் குழு நன்றாகவே ஜெயித்தது. இரண்டாவது ஞாயிறு எதிராளியைக் கசக்கிப் பிழிந்துவிட்டது. பண்ணைக் குழுவும் ஜெயித்தது, ஆனால் நாக்குத் தள்ள ஜெயித்தது. அந்த வாரம் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு அரசமேட்டுக்கே போய்ப் பார்த்தார். வயலில் பண்ணைப் பையன்கள் கையில் கொப்புளத்தோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலனித் தெரு முனையில், புங்கை மர நிழலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள் மற்றவர்கள். பாய் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார், வந்துவிட்டார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அறிவித்தார். "வாரம் ஒரு ஆட்டம், நடுவுல முழு ஓய்வு. கை கால் மரத்தும் போகாது, அசந்தும் போகாது. இந்த மாதிரி ஓய்வு இந்த ஜில்லாவுல எந்தக் குழுவுக்கும் கிடைச்சதில்ல. கோப்பை காலனித் தெருவுக்குத்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது அப்போது அவருக்குத் தெரியாது.

பந்தயமெல்லாம் ஒரே பக்கம் சரிந்தது. கூலிக்காரர்களைத் திட்டுகிறவன்கூட காலனிக் குழு மேல் தேங்காய் வைத்தான். சந்தானகிருஷ்ணனுக்கு அது மானப் பிரச்சினையாகப் போயிற்று. "எம் பசங்க மேல கட்ட ஒருத்தன் இல்லையா? நான் வைக்கிறேன். ரெண்டு மூட்டை நெல்லு. எவன் எதிர்ல வைக்கிறான்னு பாப்போம்" என்றார். இரண்டு மூட்டை நெல்லுக்கு ஈடாக வைக்க யாரிடம் என்ன இருக்கிறது?

அன்று மத்தியானம் ராமாயி ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். காலனிக் குழுவின் தலைவன் வைரக்கண்ணுவின் தாய் அவள். நடவு ஆட்களை முன்நின்று நடத்துகிறவள், தெருவில் அவள் சொன்னால் எடுபடும். கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை.

"பாய், இதை வச்சுக்குங்க. மிராசுதார் நெல்லுக்கு எதிர்ப் பந்தயம்."

"உன்னோட கிடாவா?"

"தெருவுக்கே இருக்கறது இது ஒண்ணுதான் பாய். வித்து ஒலை வைக்கலாம்னு இருந்தோம். வித்தா ரெண்டு நாள் ஓடும். ஜெயிச்சா ரெண்டு மூட்டை நெல்லு, மழை வர்ற வரைக்கும் தாங்கும். மழை வந்தா அவங்க எறங்கி வந்துதானே ஆவணும்?"

"தோத்துட்டா?"

"தோத்தா என்ன, மறுநா காலையில அருவாளைத் தூக்கிக்கிட்டுப் பழைய கூலிக்குப் போவ வேண்டியதுதான்." சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் ஜெயிப்போம்னு சொன்னீங்களாமே?"

"சந்தேகமே வேணாம்" என்றார் ஹபீப் பாய்.

கிடாவைக் கடைத் தூணில் கட்டினார். மூட்டைகளை உள்ளே அடுக்கினார். கிடா முதல் நாளே ஒரு பழைய டியூபைத் தின்னப் பார்த்தது. பாவம், பசி போலிருக்கிறது என்று பாய் மார்க்கெட்டிலிருந்து அகத்திக் கட்டு வாங்கிவந்து போட்டார். தினம் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதற்குத் தழை போடுவதுதான். நோன்பு வைத்த வாயோடு, "தின்னுடா ராஜா" என்று கொஞ்சுவார்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. காலை அரையிறுதியில் பண்ணைக் குழு ஜெயித்திருந்தது. மத்தியானம் காலனிக் குழுவுக்கு அரையிறுதி, அஸர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்ததும் இறுதி ஆட்டம். பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. கிடாவையும் மூட்டைகளையும் எல்லாரும் பார்க்க மைக் மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பாய் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை போடாத குறையாக உற்சாகத்தில் இருந்தார்.

அரையிறுதியில் காலனிக் குழு ஜெயித்தது. ஆனால் அது ஜெயிப்பில் சேர்த்தியா என்று தெரியவில்லை. வைரக்கண்ணு பாடிப் போனால் கோட்டைத் தாண்டி நாலு பேரைச் சீண்டிவிட்டு வரும்வரை "சடுகுடு சடுகுடு" என்று சீராக ஒலிக்கும், அதற்குப் பேர்போனவன். அன்று பாதிக் களத்திலேயே அவன் மூச்சு அறுந்தது. இன்னொருவன் எதிராளியின் காலைக் கட்டிப் பிடித்தான், பிடி தானாக நழுவியது. எதிர்க்குழு கற்றுக்குட்டிகளாக இருந்ததால் ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். ஹபீப் பாய் மைக்கைக் கீழே வைத்தார். நல்ல டியூப்தான், புது ரப்பர்தான், ஆனாலும் எங்கேயோ காற்றுப் போகிறது. எங்கே? கணக்கில் எதை விட்டோம்?

மைதானத்தை ஒட்டிய வாய்க்காலுக்குப் போனார். பையன்கள் வரிசையாகக் குனிந்து தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கரையில் மல்லாந்து கிடந்தான்.

"என்னடா வைரக்கண்ணு, மூச்சு ஏன் அறுந்துபோச்சு? ராத்திரி எல்லாருமா சினிமாவுக்குப் போனீங்களா?"

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கக்கூட அவர்களுக்கு வலுவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

"சினிமாவுக்கா?" என்றாள் பின்னால் நின்ற ராமாயி. "பாய், வேலைக்குப் போவலைன்னா ஒலை எப்படிக் கொதிக்கும்? தெருவுக்கே ஒரே பானை, ஒரு வேளைக் கஞ்சி. இந்த வாரம் அதுவும் தண்ணிதான். பச்சப்புள்ளைங்களுக்கு ஊத்துனது போவ மிச்சம் இருந்தா இவனுங்களுக்கு. நேத்து மிச்சம் இல்ல."

"ரெண்டு வாரமா ஓய்வுல இருந்தாங்களே..." என்று வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு.

"ஓய்வா? எழுந்து நின்னா பசிக்குதுன்னு ஒக்காந்திருந்தோம் பாய்" என்றான் வைரக்கண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னான்.

ஹபீப் பாய்க்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. புங்கை மர நிழலும் நீட்டிய கால்களும் கண்முன் வந்தன. பசி என்றால் என்ன என்று தனக்குத் தெரியாதா, வருஷா வருஷம் நோன்பு வைக்கிறோமே என்று அதுவரை நினைத்திருந்தார். விடியுமுன் சஹருக்கு எழுப்பிச் சோறும் தயிரும் வாழைப்பழமும் வைக்க ஷம்சாத் இருக்கிற பசி அது. மைதானத்தின் அந்தக் கோடியில் கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்குத் தினம் தழை போட்டோமே, ஆட்களை ஒரு வார்த்தை கேட்டோமா என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. தான் சொன்ன சொல்லை நம்பித்தான் இவள் தெருவின் கடைசிச் சொத்தைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் பறந்தார். பின்கட்டில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சேக் தாவூது அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கஞ்சி தெருவுக்கெல்லாம் பொது. அஸருக்குப் பிறகு எல்லாச் சாதிக்காரர்களும் பாத்திரத்தோடு வருவார்கள்.

"தாவூது, எனக்கு ரெண்டு தூக்குவாளி இப்பவே வேணும்."

"இப்பவேவா? இன்னும் பாங்குகூடச் சொல்லல. யாருக்கு? ஆட்டக்காரனுங்களுக்கா? பந்தயச் சமாச்சாரத்துக்கெல்லாம் பள்ளிக் கஞ்சி தர முடியாது பாய்."

"பந்தயத்துக்கு இல்லப்பா. பசிக்கு."

சேக் தாவூது அவர் முகத்தைப் பார்த்தார். அடிப்பிடிக்காத நடுக் கஞ்சியாகப் பார்த்து மொண்டு ஊற்றினார், தன் பங்குச் சம்சாவையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார்.

ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பாய் திரும்பி வந்தார். வழியெல்லாம் பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணந்தன. வாய்க்கால் கரையில் பையன்கள் அதை ஊதி ஊதிக் குடித்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பியபோதுதான் அடுத்த இடி. பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்திருந்தது. பண்ணைக் குழு களத்தில் இறங்கி உடம்பை முறுக்கிக்கொண்டிருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்திருந்தார். காய்ந்த வயிற்றில் சூடான கஞ்சி, அது ஆறுவதற்குள் களத்தில் இறங்கினால் வாந்திதான் வரும். இத்தனை வருஷம் மற்றவர்களின் ஓய்வை எண்ணிக்கொண்டு மட்டுமே இருந்தவர், முதல்முறையாக ஓய்வை உண்டாக்கியாக வேண்டும். எப்படி?

மைக் மேஜைக்கு அருகே, கோப்பையை வழங்க வந்திருந்த கட்சிச் செயலாளர் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் குஞ்சிதபாதம். கட்சிக்கு வந்ததும் எழில்முடி என்று மாற்றிக்கொண்டார். கோப்பை கொடுக்கும்போது இரண்டு நிமிஷம் பேசினால் போதும் என்று அவரிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவரிடம் மைக் போனால் திரும்பி வராது என்பது ஊரறிந்த சங்கதி.

ஹபீப் பாய் மைக்கை எடுத்தார். "ஆட்டக்காரங்க எல்லாருக்கும் வாய்க்கால் கரையில பள்ளிவாசல் கஞ்சி இருக்குது. பண்ணைக் குழுவும் வரலாம்" என்றார். அதைச் சொல்லாவிட்டால் அவர் மனசு ஆறியிருக்காது. பண்ணைப் பையன்கள் சிரித்தார்கள். "மிராசுதார் வீட்டுல பிரியாணி சாப்புட்டாச்சு பாய்" என்றான் டிராக்டர்காரன். "அப்போ சரி" என்று தொடர்ந்தார் பாய். "ஆட்டம் துவங்கும் முன்பாக, வீரர்களை வாழ்த்தி அண்ணன் எழில்முடி அவர்கள் உரையாற்றுவார்கள். நேரம் அவர்கள் விருப்பம்."

எழில்முடிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. நேரம் அவர்கள் விருப்பம்! அவர் பொதுவாழ்வில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"களம் கண்ட காளைகளே! காவிரி ஈன்ற காவலர்களே! காலையில் கதிரவனையும் மாலையில் மதியையும் மடியில் வளர்க்கும் மாநிலம் போற்றும் மறவர்களே!"

சங்க காலத்தில் ஏறு தழுவியதில் தொடங்கினார். சோழர் படை கடல் கடந்ததற்கு வந்தார். மத்திய அரசு அரிசிக்குச் செய்த வஞ்சகத்தைப் புட்டுப்புட்டு வைத்தார். உழைப்பவன் கையும் உடையவன் நிலமும் எங்கள் இரு கண்கள் என்றார், எந்தக் கண் முதலில் என்று சொல்லாமல் சாமர்த்தியமாகத் தாண்டினார். இரண்டு தெருவிலும் ஓட்டு இருந்தது. காலனிப் பையன்கள் கரையில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தார்கள். பண்ணைப் பையன்கள் மரியாதைக்கு நின்று பார்த்தார்கள், அப்புறம் குந்தினார்கள், அப்புறம் உட்கார்ந்தார்கள். உடம்பைச் சூடேற்றிய வியர்வை காய்ந்து, அறுப்பில் பிடித்த இடுப்பு மறுபடி பிடிக்க ஆரம்பித்தது.

சந்தானகிருஷ்ணன் மேஜைக்கு வந்தார். "என்ன பாய் இது? பொழுது போயிடும் போலருக்கே!"

"நான் என்னங்க பண்றது? ஆளுங்கட்சி. கையிலேருந்து மைக்கைப் புடுங்க முடியுங்களா?"

மிராசுதாருக்கும் உச்சவரம்பு விஷயமாக எழில்முடியிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் எழில்முடிக்கே தொண்டை கட்டியது. "சொல்ல வேண்டியது கடலளவு, சொன்னது கையளவு" என்று மனசில்லாமல் முடித்தார். மைதானம் கைதட்டிய மாதிரி அவருக்கு அதற்கு முன்னும் யாரும் தட்டியதில்லை, பின்னும் தட்டவில்லை.

ஆட்டம் என்றால் அது ஆட்டம். பண்ணைக் குழு லேசுப்பட்டதில்லை, கொப்புளம் உடைந்த கையோடு பிடித்த பிடியை விடவில்லை. முதல் பாதி அவர்கள் கையில் இருந்தது. இரண்டாவது பாதியில் காலனிப் பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழிப்பது போல விழித்தார்கள். சமனாகி நின்றபோது வைரக்கண்ணு பாடிப் போனான். டிராக்டர்காரன் அவன் காலைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பைக் கட்டினான். பாட்டு நிற்கவில்லை. சடுகுடு சடுகுடு என்று மண்ணில் முகம் உரசத் தவழ்ந்து வந்து, நடுக்கோட்டை ஒற்றை விரலால் தொட்டுவிட்டுத்தான் மூச்சை விட்டான்.

மைக்கில் எந்த அறிவிப்பும் வரவில்லை. அறிவிக்க வேண்டியவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அந்த இரண்டு மூட்டை நெல்லில் காலனித் தெரு உலை கொதித்ததும், மழை முதல் தூறல் போட்ட அன்று சந்தானகிருஷ்ணன் ஆளனுப்பிப் பேசியதும், கலத்துக்குக் கால் மரக்காலில் இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துப்போனதும் பிறகு நடந்தவை. ஜெயித்தது கஞ்சியா, பேச்சு வாங்கிக் கொடுத்த ஓய்வா, பிரியாணியால் வந்த மந்தமா என்று பாய் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "பாய் சொன்னார்ல, ஓய்வு எடுத்த குழுதான் ஜெயிக்கும்னு" என்று ஆளாளுக்குத் தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். இல்லை, அப்படி இல்லை என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அன்று கூட்டம் கலையும்போது மூட்டைகளைப் பையன்கள் தோளில் ஏற்றினார்கள். ராமாயி கிடாவை அவிழ்த்தாள். அது நன்றாகக் கொழுத்திருந்தது, அவளோடு போக மனசில்லாமல் பாயின் லுங்கியை முட்டியது. அந்த நேரத்தில் மஃரிப் பாங்கு கேட்டது. பாய் நோன்பு திறக்கத் தூக்குவாளியை எடுத்தார். இரண்டும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருந்தன. தனக்கென்று ஒரு வாய் எடுத்து வைக்கத் தோன்றியிருக்கவில்லை. நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழம் கடையிலேயே இருந்துவிட்டது.

காலி வாளியோடு நின்றவரை ராமாயி பார்த்தாள். கிடாவின் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேஜைக்கடியில் இருந்த பானையில் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா பாய்?"

மூன்று வாரமாக அந்தத் தெருவைப் பற்றி அவர் கேட்காத கேள்வி இல்லை. என்றைக்கு ஆடினார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எத்தனை நாழி தூங்கினார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்திருந்தார். வீட்டுக்கு வருகிற யாரையும் வாசலிலேயே கேட்கிற இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஹபீப் பாய் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் செம்பை வாங்கினார்.